சின்னப் பிள்ளைக்குமா சர்க்கரை?



சர்க்கரை நோய் என்று சொன்னதும் நம் கண் முன்னால் வருவது யார்? மாமனார், பெரியம்மா, ஊர்த் தலைவர், நாற்பது தாண்டிய நம்மில் சிலர். மாத்திரை போடுகிறவர்கள், டீக்கடையில் "சீனி இல்லாம" என்று சொல்கிறவர்கள். மூன்று வயதுப் பிள்ளையை யாரும் நினைப்பதில்லை. போன முறை வட்டாரக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது, "என்னக்கா இது, பால்குடி மறக்காத பிள்ளைக்கு எங்கருந்து சுகர் வரும்?" என்று ஓர் உறுப்பினர் சிரித்தேவிட்டார். அவர் சிரித்ததில் தப்பில்லை. நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இந்த இதழில் இதற்கு இத்தனை இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

வரும். பிறந்த குழந்தைக்கும் வரலாம், அங்கன்வாடிக்குப் போகிற பிள்ளைக்கும் வரலாம், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் வரலாம். உலகத்தில் இந்த நோயுள்ள பிள்ளைகள் அதிகமாக இருக்கிற நாடுகளில் நம் இந்தியாவும் ஒன்று. பெரியவர்களுக்கு வருவது மெதுவாக, ஆண்டுக்கணக்கில் வளர்கிற நோய். தெரியாமலே நாலைந்து வருஷம் ஓடிவிடும். பிள்ளைகளுக்கு வருவது அப்படி இல்லை. சில வாரங்களில், சில நேரம் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தான கட்டத்துக்குப் போய்விடும். பிள்ளை எவ்வளவு சின்னதோ அவ்வளவு வேகம். ஆனால் நேரத்துக்குக் கண்டுபிடித்துவிட்டால் அந்தப் பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போலவே ஓடி ஆடி, படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் கட்டிப் பிள்ளையும் பெறலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது வீட்டில் உள்ள ஒரு பெண்ணின் கவனம்தான். துணி துவைக்கிறவர், பாய் காயப்போடுகிறவர், சோறு ஊட்டுகிறவர் யாரோ அவருக்குத்தான் டாக்டருக்கு முன்னால் இது தெரியும்.

முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நாம் சாப்பிடுகிற சோறு, இட்லி, பழம் எல்லாம் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. ரத்தத்தில் இருந்து அது உடம்பின் ஒவ்வொரு பகுதிக்குள்ளும் போனால்தான் தெம்பு. உள்ளே போவதற்குக் கதவைத் திறந்துவிடுவது இன்சுலின் என்கிற சுரப்பு நீர். வயிற்றுக்குள் இரைப்பைக்குப் பின்னால் இருக்கிற கணையம் அதைச் சுரக்கிறது. நோய்க் கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, சில பிள்ளைகளுக்கு ஆள் தெரியாமல் அந்தக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பகுதியையே அழித்துவிடுகிறது. இன்சுலின் நின்றுபோகிறது. அரிசி மூட்டைகள் வாசலில் மலை மாதிரி குவிந்து கிடக்கிறது, கதவோ பூட்டியிருக்கிறது, உள்ளே பிள்ளைகள் பட்டினி. அந்த வீட்டின் நிலைமைதான் இந்த உடம்பின் நிலைமை.

ரத்தத்தில் தேங்கிய சர்க்கரையை உடம்பு எப்படியாவது வெளியேற்றப் பார்க்கும். ஒரே வழி சிறுநீர். சர்க்கரை தனியாகப் போகாது, தண்ணீரையும் இழுத்துக்கொண்டுதான் போகும். அதனால் பிள்ளை அடிக்கடி, அளவுக்கு அதிகமாக ஒண்ணுக்குப் போகிறது. உடம்பில் தண்ணீர் வற்றுவதால் தாகம் எடுக்கிறது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாததால் இளைக்கிறது. தெம்பு இல்லாமல் சோர்ந்து விழுகிறது. அதிகமாக ஒண்ணுக்குப் போவது, அடங்காத தாகம், உடம்பு இளைப்பது, சோர்வு. இந்த நாலையும் மனசில் பதிய வைத்துக்கொள்ளுங்கள், மறந்துபோனால் ஒன்றிலிருந்து இன்னொன்று தானாக வரும்.

இது டைப்-1 என்று சொல்லப்படுகிற வகை. சின்னப் பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் இதுதான். மிட்டாய் தின்றதால் வருவதில்லை. கர்ப்ப காலத்தில் தாய் இனிப்பு சாப்பிட்டதாலும் வருவதில்லை. தொற்று நோயும் இல்லை, ஒரே தட்டில் சாப்பிடலாம். "எங்க வம்சத்துல யாருக்குமே இல்லையே" என்று கேட்பவர்கள் உண்டு. இந்த நோய் வந்த பெரும்பாலான பிள்ளைகளின் வீட்டில் வேறு யாருக்கும் இது இருப்பதில்லை. ஆகவே மருமகளின் பிறந்த வீட்டைக் குறை சொல்வதற்கு இதில் வழியே இல்லை என்பதை மாமியார்கள் கவனிக்க வேண்டும்.

இப்போது ஒவ்வொரு அடையாளமும் நம் வீட்டில் எப்படித் தெரியும் என்று பார்க்கலாம். புத்தகத்தில் எழுதியிருப்பது வேறு, அடுக்களையிலும் திண்ணையிலும் தெரிவது வேறு.

மிக முக்கியமானது பாய் நனைவது. நாலு வயது வரை, சில பிள்ளைகள் ஐந்தாறு வயது வரைகூட இரவில் பாயில் ஒண்ணுக்குப் போவது சகஜம். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அந்தப் பழக்கம் நின்று, மாதக்கணக்கில் பாய் நனையாமல் இருந்த பிள்ளை, திடீரென்று மறுபடியும் நனைக்க ஆரம்பித்தால் அது வேறு விஷயம். நம் ஊரில் உடனே என்ன செய்கிறோம்? "எருமை வயசாச்சு, இன்னும் பாயில மூத்திரம் பெய்றியா" என்று திட்டுகிறோம். சூடு போடுவேன் என்று மிரட்டுகிறோம். ராத்திரி தண்ணீர் குடிக்காதே என்று சொம்பை ஒளித்து வைக்கிறோம். அந்தப் பிள்ளை வேண்டுமென்று செய்யவில்லை. அதன் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாமல் தவிக்கிறது. அதனிடமிருந்து தண்ணீரையும் பிடுங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இந்த ஓர் அடையாளத்தை மட்டும் ஊருக்கே சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. இத்தாலி நாட்டில் பார்மா என்கிற பகுதியில், 1991 முதல் பள்ளிக்கூடங்களிலும் குழந்தை மருத்துவர்களின் அறைகளிலும் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். அடங்கியிருந்த பிள்ளை மறுபடி படுக்கையை நனைத்தால் சர்க்கரை பாருங்கள் என்பதுதான் அதன் செய்தி. அதற்கு முன் அங்கே புதிதாக இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 78 பேர் ஆபத்தான கட்டத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சுவரொட்டி ஒட்டிய பிறகு வந்த ஆண்டுகளில் அது 12, 13 பேராகக் குறைந்தது. புது மருந்து கண்டுபிடிக்கவில்லை, பெரிய கட்டடம் கட்டவில்லை. தாய்மாருக்கும் வாத்தியாருக்கும் ஒரு விஷயம் தெரிந்தது, அவ்வளவுதான். ஒரு சுவரொட்டியால் அங்கே முடிந்தது, வாராவாரம் கூடிப் பேசுகிற நம் குழுக்களால் முடியாதா என்ன?

அடுத்தது எறும்பு. பிள்ளை ஒண்ணுக்குப் போன இடத்தில், நனைந்த ஜட்டியில், கோழித்துணியில் எறும்பு மொய்த்தால் கவனியுங்கள். இது பாட்டிமார் கதை இல்லை. சிறுநீரில் சர்க்கரை போவதால்தான் எறும்பு வருகிறது. சித்த மருத்துவத்தில் இந்த நோய்க்கு மதுமேகம் என்று பேர் வைத்ததும் இதனால்தான், மது என்றால் தேன். ஆனால் ஒன்று: எறும்பு வரவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. கழிப்பறையில் தண்ணீர் ஊற்றிவிட்டால் எறும்புக்கு என்ன வேலை?

தாகத்தைக் கண்டுபிடிப்பதுதான் நமக்குச் சிரமம். சித்திரை, வைகாசி வெயிலில் எல்லாப் பிள்ளைக்கும் தாகம்தான். "வெயில் காலம், குடிக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடுகிறோம். விளையாடி வந்து ஒரு சொம்பு குடிப்பது வேறு. ராத்திரி தூக்கத்தில் இரண்டு மூன்று முறை எழுந்து தண்ணீர் கேட்பது, பள்ளிக்குக் கொண்டுபோன பாட்டில் முதல் மணிக்குள் காலியாவது, குளிக்கிற தண்ணீரைக்கூட வாய் வைத்துக் குடிப்பது வேறு. இந்த மாதிரி தாகத்துக்கு நாம் அன்பாக ஒன்று செய்கிறோம். கடையில் கூல் டிரிங்க்ஸ் வாங்கித் தருகிறோம், அல்லது குளுக்கோஸ் பாக்கெட் கரைத்துக் கொடுக்கிறோம். சர்க்கரை தேங்கிய உடம்புக்கு இன்னும் சர்க்கரை. தாகம் கூடுமே தவிர அடங்காது.

இளைப்பது கண்ணுக்குத் தெரிய நாளாகும். தினமும் பார்க்கிற முகம் அல்லவா? ஜட்டி இடுப்பில் நிற்காமல் நழுவும், அரைஞாண் கயிறு தொங்கும், முதுகெலும்பு தெரியும். நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. சில பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் பசி கூடவும் செய்யும். "பிள்ளை உயரமாகுது, அதான் மெலியுது" என்று அக்கம்பக்கம் சொல்வார்கள். அங்கன்வாடியில் மாதாமாதம் எடை போட்டு அட்டையில் குறிக்கிறார்கள் அல்லவா, அந்தக் கோடு ஏறாமல் நிற்பதோ இறங்குவதோ தெரிந்தால் அங்கன்வாடிப் பணியாளரிடமே காரணம் கேளுங்கள். வளர்கிற பிள்ளையின் எடை காரணமில்லாமல் குறையக்கூடாது.

பால்குடிப் பிள்ளைக்குத் தாகம் என்று சொல்லத் தெரியாது. அடிக்கடி வீறிட்டு அழும், பால் கொடுத்தால் ஆவேசமாகக் குடிக்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி அழும், எடை மட்டும் ஏறாது. துணி வழக்கத்தை விடக் கனமாக நனைந்திருக்கும், காய்ந்த பிறகு பிசுபிசு என்று இருக்கும். தொடை இடுக்கில் வருகிற புண்ணும் சிவப்பும் எந்த மருந்து தடவினாலும் ஆறாமல் திரும்பத் திரும்ப வரும். பெண் பிள்ளைகளுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைப் படிவும் வரலாம். ஆறு மாதத்துக்குள் வருகிற சர்க்கரை பெரும்பாலும் மரபணுக் கோளாறால் வருகிற தனி வகை. அதற்கென்று மரபணுப் பரிசோதனை இருக்கிறது, அதில் சில பிள்ளைகளுக்கு ஊசியை விட்டு மாத்திரைக்கே மாற முடிகிறது. அதனால் அவ்வளவு சின்னக் குழந்தை என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி அதைப் பற்றிக் கேளுங்கள்.

இந்த அடையாளங்களைத் தவறவிட்டால் அடுத்து வருவது ஆபத்துக் கட்டம். சர்க்கரையை எரிக்க முடியாத உடம்பு, கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும். அடுப்புக்கு விறகு இல்லையென்று கூரை ஓலையைப் பிடுங்கி எரித்தால் எப்படி இருக்கும்? சோறும் வேகாது, வீடெல்லாம் புகை. அந்தப் புகை மாதிரி ரத்தத்தில் ஒரு வகை அமிலம் சேர்ந்துவிடுகிறது. அப்போது பிள்ளைக்கு வாந்தி வரும், வயிறு வலிக்கும். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கும். வாயில் அதிகம் கனிந்த பழ வாசமோ, நகப் பாலிஷ் வாசமோ அடிக்கும். எல்லார் மூக்குக்கும் அது தெரியாது. கடைசியில் மயங்கி மயங்கிக் கிடக்கும், கூப்பிட்டால் சரியாகப் பதில் வராது.

இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. வாந்தி, வயிற்றுவலி என்றால் நமக்குத் தெரிந்தது செரிமானக் கோளாறு, மாந்தம், பூச்சி. தொக்கம் எடுக்கப் போவார்கள். கண்ணேறு என்று மந்திரிக்கப் போவார்கள். மூச்சு வாங்கினால் சளி என்பார்கள். டாக்டரிடமே போனாலும், அவரிடம் நாம் வாந்தியை மட்டும் சொல்லி, பத்து நாளாகத் தண்ணீர் குடித்ததையும் பாய் நனைந்ததையும் சொல்லாமல் விட்டால், அவரும் வாந்திக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடக்கூடும்.

எங்கள் கூட்டமைப்பில் ஓர் உறுப்பினரின் மகளுக்கு நடந்ததை அவர் சம்மதத்தோடு இங்கே சொல்கிறோம். பேரும் ஊரும் வேண்டாம். பிள்ளைக்கு ஐந்து வயது. இரண்டு வாரமாக ராத்திரி எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தாள். பாய் நனைந்தது, பாட்டி திட்டினார். பிறகு வாந்தி. தொக்கம் எடுத்தார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மூன்றாம் நாள் பக்கத்து ஊர் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளை துவண்டு போயிருக்கிறது, குளுக்கோஸ் ஏற்றுங்கள் என்று வீட்டாரே கேட்டார்கள், ஏற்றினார்கள். தெம்பு வரும் என்று பார்த்தால் பிள்ளை இன்னும் மயங்கினாள். அன்று ராத்திரி 108 வண்டியில் அரசு ஆஸ்பத்திரி. அங்கே பணியில் இருந்த நர்ஸம்மா கேட்ட முதல் கேள்வி, "ஒண்ணுக்கு எப்படிம்மா போறா?" தாய் சொன்னார், "அது நிறையத்தான் போறா சிஸ்டர், வாந்திதான் நிக்கல." நர்ஸம்மா உடனே விரலில் குத்திப் பார்த்தார். மிஷினில் எண்ணே வரவில்லை, அளவுக்கு மேல் போய்விட்டது என்று மட்டும் காட்டியது. நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து பிழைத்து வந்தாள். இன்றைக்கு இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், அம்மா ஊசி போட வரும்போது எந்தக் கையில் என்று அவளே சொல்கிறாள்.

அந்த நர்ஸம்மாவின் கேள்வியை நாம் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும். வாந்தி பேதியில் தண்ணீர் வற்றிய பிள்ளைக்கு ஒண்ணுக்கு குறைந்துபோகும், மஞ்சளாகச் சொட்டுச் சொட்டாகப் போகும். நாக்கு வறண்டு, கண் குழிவிழுந்து கிடந்தும் ஒண்ணுக்கு மட்டும் நிறைய, வெளுப்பாகப் போகிறது என்றால் அது சாதாரண வாந்தி இல்லை. அதேபோல், இருமல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை, நெஞ்சில் கரகரப்பு இல்லை, ஆனால் மூச்சு மட்டும் இழுத்து இழுத்து வாங்குகிறது என்றாலும் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள்.

பரிசோதனை மிகச் சின்னது. விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், ஒரு நிமிஷத்துக்குள் பதில். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் எங்கே எப்போது பார்க்கலாம் என்று சொல்வார். குத்துவதற்கு முன் பிள்ளையின் கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் தின்ற கையோடு பார்த்தால் பழத்தின் சர்க்கரையைத்தான் மிஷின் காட்டும். இன்னொன்று, பெரியவர்களுக்குச் சொல்கிற மாதிரி "நாளைக்கு வெறும் வயித்துல வாங்க" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடையாளம் தெரிகிற பிள்ளைக்கு எந்த நேரமும் பார்க்கலாம், பார்க்க வேண்டும். சாப்பிட்டிருந்தாலும் சரி, 200-ம் அதற்கு மேலும் காட்டி, தாகம், பாய் நனைவது போன்ற அடையாளமும் இருந்தால் சர்க்கரை நோய் என்றே எடுத்துக்கொண்டு அன்றைக்கே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ குழந்தைகள் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். விடியட்டும், சம்பளம் வரட்டும், வீட்டுக்காரர் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வாந்தியோ மூச்சு வாங்கலோ இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள், ஆனால் அட்டையைத் தேடுகிறேன் என்று வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள்.

போகிற செலவுக்குக் கையில் பணம் இல்லாத வீடுதான் நம்மில் அதிகம். பிள்ளைக்கு ஆபத்து என்றால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல், ஊக்குநரும் பிரதிநிதிகளும் கையெழுத்துப் போட்டு அவசரக் கடன் கொடுக்க ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கண்டுபிடித்த பிறகு மருந்து என்ன? இன்சுலின் ஊசி. தினமும், ஒரு நாளைக்குப் பல முறை, வாழ்நாள் முழுக்க. இதைக் கேட்டதும் எந்தத் தாய்க்கும் அடிவயிறு கலங்கும். ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊசிகூட இல்லை. நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுக் கொஞ்ச நாள் உயிரை இழுத்துப் பிடித்தார்கள், அவ்வளவுதான் வழி. 1921-ல் கனடா நாட்டில் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் சாகக் கிடந்த லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாகப் போட்டார்கள், அவன் எழுந்து உட்கார்ந்தான், மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். பான்டிங் பிறந்த நாளான நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். நம் நாட்டில் அதே நாள்தான் குழந்தைகள் தினமும். அன்றைக்கு அங்கன்வாடியில் மிட்டாய் கொடுப்பதோடு இதைப் பற்றியும் நாலு வார்த்தை பேசலாம் என்று பணியாளர்களிடம் சொல்லுங்கள்.

கூட்டத்தில் அதிகம் பேர் கேட்ட கேள்வி, "ஊசி இல்லாம மாத்திரை, கசாயத்துல சரி பண்ண முடியாதா?" என்பது. கணையத்தில் இன்சுலினே சுரக்காத டைப்-1 பிள்ளைக்கு முடியாது. பாகற்காய்ச் சாறும், நாவல்கொட்டைப் பொடியும், வெந்தயமும் இன்சுலினுக்குப் பதில் ஆகாது. ஊசி ஆரம்பித்துச் சில வாரங்களில் சில பிள்ளைகளுக்கு ஊசி அளவு மிகவும் குறைந்துபோகும். கணையத்தில் மிச்சம் இருக்கிற கொஞ்சம் சுரப்பு தலைதூக்குகிற காலம் அது. அதைப் பார்த்து, நோய் போய்விட்டது, இந்த வைத்தியர் மருந்துதான் வேலை செய்தது என்று ஊசியை நிறுத்தியவர்கள் பிள்ளையை மறுபடி மயக்க நிலையில்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். டாக்டர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. பிள்ளை சாப்பிடாமல் காய்ச்சலில் படுத்திருந்தாலும் நிறுத்தாமல், எவ்வளவு போடுவது என்று டாக்டரைக் கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் பேச வேண்டியிருக்கிறது. நோய் வந்தது பெண் பிள்ளை என்றால் "வெளியே தெரிஞ்சா யார் கட்டுவா?" என்று மறைக்கிறார்கள். பள்ளியில் சொல்வதில்லை, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் அந்த வேளை ஊசியைப் போடாமல் விடுகிறார்கள். பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இத்தனை செலவு என்று மூச்சுக்குள் முணுமுணுக்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள். ஊசி அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். இப்படி ஒரு வீடு உங்கள் தெருவில் இருந்தால், குழுவாக நாலு பேர் சேர்ந்து போய்ப் பேசுங்கள். தனியாக ஒரு மருமகள் பேசினால் எடுபடாதது, நாலு அக்காமார் போய் உட்கார்ந்தால் எடுபடும். இதை நாம் குடிப் பிரச்சினையிலும் குழந்தைத் திருமணத்திலும் பார்த்திருக்கிறோம்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை எப்படி வைப்பது என்றும் கேட்டார்கள். மண்பானைதான் நம் ஃபிரிட்ஜ். ஒரு பெரிய மண்பானையில் பாதிக்கு ஈர மணல் போட்டு, அதற்குள் ஒரு சின்னப் பானையை வைத்து, மருந்துக் குப்பியைத் தண்ணீர் புகாத டப்பாவில் மூடிச் சின்னப் பானைக்குள் வைத்து, மேலே ஈரத்துணியால் மூடிவிட வேண்டும். மணல் காயாமல் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். நிழலான, காற்றாடுகிற இடமாக இருக்க வேண்டும், அடுப்புப் பக்கம் கூடாது. திறந்த குப்பியை நாலு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். ஃபிரிட்ஜ் இருக்கிறவர்கள் கதவுப் பக்கத் தட்டில் வைக்கலாம். ஐஸ் உறைகிற பெட்டியில் வைத்து உறைந்துபோன இன்சுலினைத் தூரப் போட வேண்டியதுதான்.

சாப்பாட்டுக்குத் தனி அடுப்பு மூட்ட வேண்டாம். வீட்டில் எல்லாரும் சாப்பிடுகிற சோறு, குழம்பு, கீரை, பயறு, முட்டை எல்லாம் உண்டு, நேரமும் அளவும்தான் முக்கியம். பள்ளியில் சத்துணவும் சாப்பிடலாம், ஓட்டப்பந்தயத்திலும் ஓடலாம்.

ஊசி போடுகிற பிள்ளை நம் தெருவிலோ பள்ளியிலோ இருந்தால் அக்கம்பக்கத்தார் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. ஊசி போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடாமலோ, அதிகம் ஓடி விளையாடியோ இருந்தால் சர்க்கரை திடீரென்று குறைந்துபோகும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், முகம் வெளுக்கும், காரணமில்லாமல் அழும், பேச்சு உளறும். அப்போது சர்க்கரை நோய்க்காரப் பிள்ளைக்கு இனிப்பா என்று யோசிக்காமல் இரண்டு மூன்று தேக்கரண்டி சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளிவு வரவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்ததும் இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிடச் சொல்லுங்கள். நினைவு தப்பிய பிள்ளையின் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். வகுப்பு ஆசிரியையிடமும், சத்துணவு சமைக்கிற அக்காவிடமும் இதைச் சொல்லி, சின்ன டப்பாவில் சர்க்கரை போட்டுப் பிள்ளையின் பையிலேயே வைத்து அனுப்புங்கள்.